தரையில் நின்ற படகில் தண்ணீர்

சென்னகிருஷ்ணன் அண்ணனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று எங்கள் படகுத் துறையில் முதலில் சொன்னது பஜ்ஜிக்கடை சிவராஜ். அவருக்கு எப்போதுமே வாய் நீளம். இரண்டாவதாகச் சொன்னது சென்னகிருஷ்ணன் அண்ணனேதான். முதல் ஆள் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. இரண்டாவது ஆள் சொன்னபோது பயம் வந்தது.

நான் சுகுணா. சூளகிரிக்கும் குருபரப்பள்ளிக்கும் நடுவே, ஹைவேயை விட்டு உள்ளே இறங்கினால் வருகிற ஏரியில் படகுக்கு டிக்கெட் கிழிக்கிறவள். வீடு மூக்கண்டப்பள்ளி. இதற்கு முன்னால் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனியில், வருகிற சாமானை எல்லாம் ஓகே, நாட் ஓகே என்று இரண்டு டிரேயில் பிரித்துப் போட்டுக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவள். அதனால் எதைப் பார்த்தாலும் இது சரி, இது தப்பு என்று உடனே முடிவு கட்டிவிடுகிற புத்தி எனக்கு. இந்த ஒரு விஷயத்தை மட்டும் எந்த டிரேயில் போடுவது என்று கடைசி வரை எனக்குத் தெரியவில்லை.

எங்கள் துறையில் மிதிபடகுகள் கொஞ்சம் உண்டு. மோட்டார் படகு ஒன்றே ஒன்று. அதன் பெயர் ஜெயப்ரியா. குத்தகைக்காரரின் மகள் பெயர் அது. அந்தப் பெண் ஒரு தடவைகூட இதில் ஏறியதில்லை, தண்ணீர் என்றால் பயமாம். சனி, ஞாயிறானால் ஜூஜுவாடி தாண்டி பெங்களூர்க் கார்கள் வரிசையாக வந்து நிற்கும். அத்தனை பேருக்கும் ஜெயப்ரியாதான் வேண்டும். அதை ஓட்டுவது, கழுவுவது, பழுது பார்ப்பது எல்லாமே சென்னகிருஷ்ணன் அண்ணன்தான்.

அவர் படகுக்காரர் அல்ல. பாதி வயதுக்கு மேல் போர் மோட்டார் மெக்கானிக்காக இருந்தவர். இந்தப் பக்கத்து மாந்தோப்புகளில் ஆயிரம் அடி ஆழத்துக்கு மோட்டாரை இறக்குவதும், அது கெட்டுப்போனால் பைப் பைப்பாகக் கழற்றி மேலே ஏற்றுவதும்தான் அவர் தொழில். ரிக் வண்டிச் சத்தத்தில் வலது காது போயிற்று. பைப் தூக்கித் தூக்கி முட்டி போயிற்று. அதற்கப்புறம்தான் இங்கே வந்து சேர்ந்தார். தண்ணீரைத் தேடித் தேடி மேலே கொண்டுவந்த மனுஷன் இப்போது வேண்டாத தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றுகிறாரே என்று நான் கிண்டல் செய்தால் சிரிப்பார்.

“எல்லாம் ஒரே தண்ணிதாம்மா. அப்ப ஏத்துனேன், இப்ப எறைக்கிறேன். சம்பளம் குடுக்கிறவன் எதுக்குக் குடுத்தா என்னா?”

வேண்டாத தண்ணீர் என்றேனே, அதைச் சொல்லிவிடுகிறேன். படகில் நாம் கால் வைத்து நிற்கிற பலகைக்குக் கீழே ஒரு குழி உண்டு. மழைத் தண்ணீர், ஜனங்கள் காலால் தெளித்த தண்ணீர், எஞ்சினில் சொட்டுகிற ஆயில் எல்லாம் வடிந்து அங்கேதான் போய்ச் சேரும். கூடவே பாப்கார்ன், ஐஸ் குச்சி, ஒற்றைக் கம்மல். அப்படியே விட்டால் நாறும். இன்னும் விட்டால் படகு கனத்து ஒரு பக்கம் சாயும். எங்கள் சூப்பர்வைசர் எபினேசர் சார் அந்தக் குழியை ‘பில்ஜ்’ என்பார்.

அண்ணன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எபினேசர் சார் ஓசூரிலிருந்து போன் போட்டு, “பில்ஜ் க்ளீன் பண்ணியாச்சா?” என்று கேட்டிருக்கிறார். அண்ணன் போனை வைத்துவிட்டு நேராக ஐஸ்கிரீம் கடைக்குப் போய், அங்கிருந்த ஃபிரிட்ஜைக் காலி செய்து, சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து வைத்துவிட்டார். கோன் ஐஸ் எல்லாம் உருகி ஓடியது. ரொம்ப நாளைக்கு நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். பின்னாடி இதுவே அவருக்கு எதிரான சாட்சியாக வந்து நிற்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

ஃபிரிட்ஜ் இல்லை, பில்ஜ் என்று புரிந்த பிறகு அதை அவர் பார்த்துக்கொண்ட விதம் இருக்கிறதே, எங்கள் வீட்டுச் சமையலறையைக்கூட நான் அப்படி வைத்ததில்லை. சாயங்காலம் கடைசி ட்ரிப் முடிந்ததும் பலகை மூடியைத் தூக்குவார். கரையில் செக்யூரிட்டி அறைக்குப் பக்கத்தில் ஒரு குழாய், அது போர்த் தண்ணீர். அதிலிருந்து நீளமான ஓஸை இழுத்து வந்து, சோப்புத் தூள் தூவி, பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுவார். குழித் தண்ணீரை இறைக்கிற பம்ப் எரிந்துபோய் மாதக்கணக்காகிறது. அதனால் வெட்டிய பெயின்ட் டப்பாவால் மொண்டு ஊற்றி, மிச்சத்தைப் பழைய லுங்கியால் ஒற்றி ஒற்றிப் பிழிந்து, குழி காய்ந்த பிறகுதான் எழுந்திருப்பார். மூடியைத் திறந்தே வைத்துவிடுவார், காற்றுப் பட்டால்தான் வாடை போகும் என்று. ஓஸை மட்டும் குழாயிலிருந்து கழற்றாமல் படகுக்குள் சுருட்டிப் போட்டுவிடுவார். வெளியே கிடந்தால் நாய் கடித்துவிடுகிறது. கரைக்கு வந்து குழாயை இறுக மூடிவிட்டு மொபெட்டில் ஏறுவார்.

உகாதிக்குப் பிறகு எங்களுக்குப் புது செக்யூரிட்டி வந்தார். பீகார்க்காரர், கங்கைக் கரை, நாற்பது வயதுக்காரர், பெரிய மீசை. பெயர் என்னவோ நீளமாக இருந்தது. நாங்கள் ‘பையா’ என்று கூப்பிட்டோம், இந்தியில் அண்ணன் என்று அர்த்தம். சாயங்காலம் வந்து காலையில் போய்விடுவார். அண்ணனும் அவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பது, இவர் வீட்டுக்குக் கிளம்புகிற அந்தக் கொஞ்ச நேரம்தான்.

முதல் நாள் டிக்கெட் கணக்கு முடிக்க நேரமாகி நானும் பக்கத்தில் இருந்தேன். அண்ணன் படகைக் கையால் காட்டி, “இன்னிக்கி வேலை முடிஞ்சிருச்சுப்பா” என்றார். பையா முழித்தார். “கெலசா முகீது” என்று கன்னடத்தில் சொல்லிப் பார்த்தார். அதற்கும் முழிப்புத்தான். கடைசியில், வீட்டில் பேசுகிற தெலுங்கில், “ச்சாலு” என்றார். போதும் என்று அர்த்தம். உடனே பையா முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. “ச்சாலூ? ஹா, ச்சாலூ!” என்று தலையை ஆட்டினார்.

“பாத்தியாம்மா, இவருக்குத் தெலுங்கு வருது” என்றார் அண்ணன். இந்த ஊரில் அது ஒன்றும் அதிசயம் இல்லை. டீக்கடையில் ஒரு பாஷை, பஸ்ஸில் ஒரு பாஷை, கம்பெனியில் ஒரு பாஷை என்று பேசிப் பழகியவர்கள் நாங்கள். எந்தச் சாவி எந்தப் பூட்டில் நுழைகிறதோ அதைப் போட்டுத் திறந்துகொண்டு போய்க்கொண்டே இருப்போம். அன்றிலிருந்து அண்ணன் தினமும் கிளம்பும்போது படகைப் பார்த்துக் கையை ஆட்டி, “ச்சாலு!” என்பார். பையாவும் சல்யூட் வைத்து, “ச்சாலூ!” என்பார். சனி, ஞாயிறு கணக்கு முடிக்க நேரமாகிற போதெல்லாம் எனக்கு அது காதில் விழும், பார்க்கவே நன்றாக இருக்கும்.

தண்ணீர் வர ஆரம்பித்தது அந்த நாட்களில்தான்.

காலையில் அண்ணன் மூடிப் பக்கம் போய் எட்டிப் பார்த்தால் குழியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். மழை கிடையாது. முதல் நாள், எங்கோ கசிகிறது என்று மொண்டு ஊற்றினார். மறுநாளும் அதே அளவு. அதற்கு மறுநாளும். எபினேசர் சார் டிப்ளமோ படித்தவர். படகின் அடியில் விரிசல் விட்டிருக்கும் என்றார். டிராக்டர் வைத்து இழுத்துப் படகைக் கரையேற்றினார்கள். அடியில் ஒரு இடம் விடாமல் தடவிப் பார்த்தார்கள். விரிசல் இல்லை. உள்ளே தண்ணீர் நிரப்பி வெளியே சொட்டுகிறதா என்று காத்திருந்தார்கள். ஒரு சொட்டு விழவில்லை. அண்ணன் படகின் பின்னால் அடி ஓட்டையை அடைத்திருக்கிற தக்கையைப் பிடுங்கித் தண்ணீரை வடித்து, லுங்கியால் துடைத்து, தவளை ஏறிவிடும் என்று தக்கையைத் திரும்பப் போட்டு இறுக்கி, வழக்கம்போல ஓஸை உள்ளே சுருட்டிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

காலையில் வந்து பார்த்தால் தரையில் நிற்கிற படகுக்குள் தண்ணீர்!

நாங்கள் எல்லோரும் படகைச் சுற்றி நின்றோம். ஏரியில் மிதக்கிற படகுக்குள் தண்ணீர் வந்தால் ஆயிரம் காரணம் சொல்லலாம். கரையில், காய்ந்த மண்ணில், வெயிலில் நிற்கிற படகுக்குள் தண்ணீர் எங்கிருந்து வரும்? பனி என்றேன் நான். சித்திரை மாதத்தில் கணுக்கால் அளவுக்குப் பனியா என்று எனக்கே சிரிப்பு வந்தது. குடிகாரப் பயல்கள் வந்து ஒன்றுக்குப் போகிறார்கள் என்றார் சிவராஜ். அத்தனை பேர் குடிப்பதற்கு இந்தத் தாலுகாவில் கடை போதாது. எபினேசர் சார் குழாயில் ஒழுக்கு இருக்கும் என்று ஓடிப்போய்ப் பார்த்தார். குழாய் இறுக்கமாக மூடியிருந்தது, சொட்டுகூட இல்லை. பையாவுக்குப் போன் போட்டு, ராத்திரி யாராவது வந்தார்களா என்று இந்தியில் கேட்டார். யாரும் வரவில்லை என்று பையா சத்தியம் செய்தார். அது உண்மைதான்.

இத்தனைக்கும் நடுவில் அண்ணன் குனிந்து, குழித் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். போர் மெக்கானிக் புத்தி. எந்தத் தோட்டத்துத் தண்ணீர் என்று நாக்கால் சொல்லிவிடுவார்.

“இது ஏரித் தண்ணி இல்லீங்க. நம்ம போர்த் தண்ணி. உப்பு கரிக்குது.”

“அப்படின்னா?” என்றார் எபினேசர் சார்.

“அப்படின்னா, நான் நேத்து கழுவுன தண்ணி” என்றார் அண்ணன். அவர் குரல் இறங்கிவிட்டது. “நான் மொண்டு ஊத்தல போலிருக்குது. தொடைக்கவும் இல்ல போலிருக்குது. தொடச்சதா நெனச்சுகினு வீட்டுக்குப் போயிட்டிருக்கிறேன்.”

சிவராஜ் சொன்னது அன்றைக்குத்தான். பஜ்ஜி மாவைக் கலக்கிக்கொண்டே, “கிழவனுக்கு மண்டை குழம்பிருச்சு. அவங்க அண்ணனுக்கு வந்த மாதிரியே வந்திருச்சு” என்றார். வாயை மூடிக்கொண்டு வாழைக்காயைச் சீவு என்று நான் கத்தினேன்.

ஆனால் சென்னகிருஷ்ணன் அண்ணனுக்கு உயிர் போகிற பயமே அதில்தான் இருந்தது. அவருடைய அண்ணன் எல்லப்பன் அவர்கள் வீட்டிலேயேதான் இருக்கிறார். நல்ல விவசாயி. சில வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் தன் நிலத்து வரப்பிலேயே நின்றுகொண்டு, இது யார் நிலம் என்று கேட்டாராம். இப்போது பெண்டாட்டி செத்தது தெரியாது, சாப்பிட்டது தெரியாது. தம்பி வீட்டுக்குள் நுழைந்தால் மட்டும் தெலுங்கில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “நீள்ளு ஒச்சாயா?” தண்ணீர் வந்ததா என்று. தம்பி எங்கோ போர் போட்டுவிட்டு வருகிறான் என்ற நினைப்பு. தம்பியும் தினமும், “வந்துச்சுண்ணா, நல்லா வந்துச்சு” என்று பதில் சொல்லுவார். அவருக்குக் குளிப்பாட்டி விடுவது, வேட்டி கட்டி விடுவது எல்லாம் இவரும் இவர் மனைவி சரோஜம்மாளும்தான்.

“எங்கண்ணனுக்கும் இப்படித்தாம்மா ஆரம்பிச்சுது” என்று என்னிடம் சொன்னார். “மாட்டுக்குத் தண்ணி வச்சுட்டேன்னு சத்தியம் பண்ணுவான். தொட்டி காஞ்சு கெடக்கும். எனக்கு உல்டாவா வந்திருக்குது.”

பயம் வந்துவிட்டால் எல்லாமே அதற்குச் சாட்சி சொல்ல ஆரம்பித்துவிடுகிறது. கறிவேப்பிலை வாங்க மறந்தது, என்னைச் ‘சுசித்ரா’ என்று தன் மகள் பெயரில் கூப்பிட்டது, மொபெட் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே தேடியது. இதையெல்லாம் நான் தினமும் செய்கிறேன். யாரும் என்னை ஒன்றும் சொல்வதில்லை. பழைய ஃபிரிட்ஜ் கதையைக்கூட அவரே தோண்டி எடுத்தார். “அப்பவே ஆரம்பிச்சிருக்குது பாரு. காது கேக்கலேன்னு நாமதான் சிரிச்சுட்டோம்.”

“நான் சாயங்காலம் இருந்து போட்டோ எடுக்கிறேண்ணா. காஞ்ச குழியை எடுத்து வச்சுகிட்டா தெரிஞ்சுபோயிடும்” என்றேன்.

“வேணாம்மா.”

“என்னாத்துக்கு வேணாம்?”

“போட்டோல தண்ணி இருந்துச்சுன்னா?”

டாக்டரிடம் போகலாம் என்றாலும் இதே பதில்தான். அவர் பார்க்க விரும்பாததை நான் எப்படிக் காட்டுவது? எனக்கு அவர் மேல் கோபம், படகு மேல் கோபம், காரணம் சொல்லாமல் தினமும் வந்து நிற்கிற அந்தத் தண்ணீர் மேல் கோபம். அவர் துடைத்திருப்பார் என்று ஒரு நேரம் நினைப்பேன். துடைக்கவில்லையோ என்று மறு நேரம் தோன்றும். ஐந்தரை மணி பஸ்ஸை விட்டால் ஓசூர் போக எனக்கு நன்றாக இருட்டுகிற வரை வேறு வண்டி இல்லை என்பதும் உண்மை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. திரும்ப ஏரியில் இறக்கிய படகு நிறைய ஆட்கள், நிறையக் குழந்தைகள். பாதி ஏரியில் போய்க்கொண்டிருந்த ஜெயப்ரியா திடீரென்று திரும்பிக் கரைக்கு வந்தது. என்னவோ ஏதோ என்று நான் கவுன்ட்டரை விட்டு ஓடினேன். அண்ணன் எல்லோரையும் இறங்கச் சொல்லிவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, படகின் பின்னால் கையை விட்டுத் தக்கையைத் தடவினார். அது போட்ட இடத்தில் கச்சிதமாக இருந்தது. பெங்களூர்க்காரர்கள் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் திட்டினார்கள். அவர் காதில் எதுவும் விழவில்லை. காது கேளாததால் இல்லை.

“இன்னிக்கிப் போட்டிருந்தேன்” என்றார் என்னிடம். தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார். “நாளைக்குப் போடாம, போட்டதா நெனச்சுகினு எடுத்துட்டுப் போனா? அந்தக் கொழந்தைங்களுக்கு யாரும்மா பதில் சொல்றது? நான் வேலைய விட்டுடறேன்.”

எபினேசர் சார் வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னார். இரண்டாவது தடவை சொல்லவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் வந்து படகுச் சாவியை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

அந்த வியாழக்கிழமை நான் பஸ்ஸை விட்டுவிட்டேன். சிவராஜ், வாய் நீளமானாலும் மனசு கெட்டவர் இல்லை, ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜி கொண்டுவந்து வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணன் கடைசித் தடவையாகக் குழியைக் கழுவினார். நான் கூடவே உட்கார்ந்து பார்த்தேன். அவரும் இந்தத் தடவை தடுக்கவில்லை. தேய்த்தார், மொண்டார், ஒற்றினார். லுங்கியைப் பிழிந்து பிழிந்து, மூலையில் ஒளிந்திருந்த ஈரத்தைக்கூட விரலால் வழித்து எடுத்தார். குழி பளிங்கு மாதிரி இருந்தது.

“காஞ்சிருக்குதாம்மா?”

“காஞ்சிருக்குதுண்ணா.”

“நெசமாவா?”

“என் கண்ணால பாக்கிறேன்.” குழி காய்ந்திருப்பதை ஒரு ஆள் இன்னொரு ஆளைக் கேட்டுத் தெரிந்துகொள்வது எவ்வளவு கொடுமை!

ஓஸை உள்ளே போட்டார், கரைக்கு வந்தார், குழாயை மூடினார். எபினேசர் சார் இன்னும் வரவில்லை. ஆறு மணி ட்யூட்டிக்குப் பையா சைக்கிளில் வந்து இறங்கினார். அண்ணன் அவரிடம் போய், இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

“இங்க ச்சாலப்பா” என்றார். தெலுங்கில் ‘இங்க’ என்றால் இனிமேல். “இங்க ச்சாலு. அன்னீ ச்சாலு.” இனிப் போதும், எல்லாம் போதும் என்றார். படகைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

பையாவின் முகம் பரபரப்பானது. “பானி ச்சாலூ? அபீ?” தண்ணீரா, இப்போதேயா என்று கேட்டார். பதிலுக்குக்கூட நிற்கவில்லை. கையை விடுவித்துக்கொண்டு ஓடினார். எங்கே ஓடுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. நேராகக் குழாய்க்குப் போய், ஒரே சுற்றாக முழுசாகத் திறந்துவிட்டார். ஓஸ் விறைத்துக்கொண்டு எழுந்தது. படகுக்குள் சடசடவென்று தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. பையா திரும்பி எங்களைப் பார்த்து, சல்யூட் வைத்து, பல் தெரியச் சிரித்தார்.

“ச்சாலூ!”

நாங்கள் இரண்டு பேரும் அப்படியே நின்றோம். எனக்குக் கம்பெனியில் இந்திக்காரப் பெண்களோடு வேலை செய்த பழக்கம். லைன் ஓடினால் ‘ச்சாலூ’, நின்றால் ‘பந்த்’. அந்த வார்த்தை இத்தனை நாளும் என் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது. அண்ணன் வாயிலிருந்து வந்ததால் அதைத் தெலுங்காகவே கேட்டுவிட்டேன். அண்ணன் போதும் என்றார். பையா காதில் அது ஓடவிடு என்று விழுந்தது. ஒவ்வொரு சாயங்காலமும், படகைக் காட்டி.

எனக்குள் இருந்த கோபமெல்லாம் பையா மேல் போய் விழுந்தது. தெரிந்த இந்தியிலும் தெரியாத இந்தியிலும் கத்தினேன். படகுக்குள் எவனாவது தண்ணீர் விடுவானா, அறிவு இருக்கிறதா என்று கேட்டேன். பையா பயந்து குழாயை மூடினார். பிறகு மெதுவாகச் சொன்னார். அவர்கள் ஊரில் மரப்படகு காய்ந்தால் பலகை சுருங்கி இடைவெளி விட்டுவிடுமாம். அதனால் சும்மா கிடக்கிற படகில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வைப்பார்களாம். இது மரப்படகு இல்லையே என்று முதல் நாளே யோசித்தாராம். “அண்ணா படா ஆத்மி. போல்தா ச்சாலூ.” பெரிய மனுஷன் விடச் சொல்கிறார், இந்த ஊர் வழக்கம் அப்படி, நமக்கென்ன தெரியும் என்று நினைத்தாராம். ஒரு டீ குடிக்கிற நேரம் விட்டுவிட்டு, வீணாகப் போகக் கூடாது என்று இறுக மூடிவிடுவாராம்.

அண்ணன் என் தோளைத் தொட்டு நிறுத்தினார். “திட்டாதம்மா. நான் சொன்னதத்தான் செஞ்சிருக்கிறாரு.” பையா பக்கம் திரும்பி, ஒரு விரலை நீட்டி, ஏதோ கேட்க வாயெடுத்தார். எந்தப் பாஷையில் கேட்பது என்று தெரியாமல் திணறினார். அவர் கேட்க நினைத்ததைப் பையாவே சொல்லிவிட்டார்.

“ரோஜ், அண்ணா. ரோஜ்.”

தினமும் என்றால் இந்தியிலும் ரோஜ், தெலுங்கிலும் ரோஜு. அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே அர்த்தம். அண்ணன் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். “ரோஜு” என்று திருப்பிச் சொன்னார். “ரோஜு தொடச்சிருக்கிறேன்மா. ஒரு நாள்கூட வுடல. ரோஜு தொடச்சிருக்கிறேன்.” சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பார்த்தேன். இரண்டும்தான். சிவராஜ் கடையை விட்டு ஓடிவந்து, என்ன நடந்தது என்று ஒவ்வொருவரையும் பிடித்துக் கேட்டார். யாரும் அவருக்கு உடனே சொல்லவில்லை. கொஞ்ச நேரம் தவிக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

எபினேசர் சார் வந்து சாவிக்குக் கை நீட்டியபோது, அண்ணன் சாவியை எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டுத் தன் சட்டைப்பையிலேயே திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு என் போனை வாங்கி, “சரோஜம்மாகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா எனக்கே ஆறுதல் சொல்லிக்கிறேன்னு நெனப்பா” என்றார். நான் சொன்னேன். அந்தப் பக்கம் அவர் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

மறுநாள் காலையில் நான் வந்தபோது மொபெட் முன்னாடியே நின்றது. அண்ணன் ஜெயப்ரியாவில் குழி ஓரமாக உட்கார்ந்து, உள்ளே கையை விட்டுத் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ஈரமே இல்லை. கொஞ்சம் தூசி ஒட்டியிருந்தது.

“நேத்து ராத்திரி வீட்டுக்குப் போனதும் எங்கண்ணன் கேட்டான்மா, தண்ணி வந்துச்சான்னு. இல்லண்ணா, நின்னுபோச்சு, இனிமே வராதுன்னேன். அவனுக்கு முகமே போயிருச்சு. பாவம், எந்தத் தோட்டம் காஞ்சுபோச்சோன்னு நெனச்சுகினான்.”

“இன்னிக்கிப் போனதும் வந்துருச்சுன்னு சொல்லிடுங்கண்ணா.”

“சொல்லணும்.” மூடியை எடுத்துக் குழியை மூடினார். அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். “எனக்கு யாரோ கொழாயத் தொறந்து வுட்டதுன்னு தெரிஞ்சுபோச்சு, மூடியாச்சு. அவனுக்கும் அது மாதிரி எங்கயாவது ஒரு கொழாய் இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும், இல்லம்மா?”

கேட்டில் முதல் கார் ஹாரன் அடித்தது. நான் டிக்கெட் கிழிக்கப் போனேன்.